கொப்பியின் கடைசிப் பக்கங்கள்

எங்கள் கொப்பிகளைப் பின்னாலிருந்து திறந்தால்தான் நாங்கள் ஆர் எண்டு தெரியும். முன்பக்கம் முழுக்க விரிவுரைக் குறிப்புகள். திகதி, தலைப்பு, சிவப்புப் பேனையால் ஒரு கோடு. பின்பக்கத்தில் அரைகுறைக் கவிதைகள், முன்வரிசைக்காரரின் பின்னந்தலைப் படங்கள், வெட்டி வெட்டி எழுதின முதல் வரிகள். இரண்டும் நடுவில் எங்கேயோ சந்திக்கும்போது கொப்பி முடிந்துவிடும்.

நாங்கள் ஐந்து பேர். கலைப்பீடம். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கன்ரீனில் பிளேன்ரீ வாங்கிக்கொண்டு ஒரு வேப்பமரத்துக்குக் கீழே இருந்து கதைப்போம். முதலில் படம், பாட்டு, ஆர் ஆரோடை எண்ட கதைதான். ஒருநாள் ஒருத்தி தன்ரை கொப்பியைத் தெரியாத்தனமாகக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கடைசிப் பக்கம் வெளியில் தெரிந்தது. பறித்து வாசித்தோம். சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராக மெதுவாக எங்கள் கொப்பிகளையும் திருப்பினோம். இப்படித்தான் தொடங்கியது.

அடுத்த வெள்ளி ஒரு முடிவு எடுத்தோம். நாங்களே ஒரு சஞ்சிகை விடுவது. அச்சுக்குக் காசில்லை. கையால் எழுதி, போட்டோக்கொப்பி அடித்து, நடுவில் பின் குத்துவது. ஆளுக்கு ஒரு ஆக்கம், இரண்டு கிழமை தவணை.

இரண்டு கிழமை கழித்து ஐந்து ஆக்கங்களையும் பரப்பி வைத்துப் பார்த்தபோது எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒண்டு 1995 இடம்பெயர்வு பற்றிய சிறுகதை. ஒண்டு யாழ் நூலகம் எரிந்தது பற்றிய நீண்ட கவிதை. ஒண்டு பெயரில்லாத ஒரு போராளிக்கு எழுதின கடிதம். நாலாவது, மலையகத்திலிருந்து வந்த நண்பன் தன் வீட்டைப் பற்றி எழுதினது. ஐந்தாவது ஒரு பக்கம்கூட வராது. அம்மம்மா பின்னேரத்தில் கோழிக்கூடு பூட்டுவது பற்றியது.

எங்கள் வயது இருபத்திரண்டு, இருபத்திமூன்று. 1981 இல் நூலகம் எரிந்தபோது எங்கட அம்மாமார் பால்குடிகள், சிலர் பிறக்கவே இல்லை. 2009 இல் நாங்கள் முதலாம், இரண்டாம் வகுப்பு. ஐந்து பேரில் ஒருத்தி மட்டும்தான் அந்தக் கடைசி மாதங்களில் உண்மையாகவே வன்னிக்குள் இருந்தவள். கோழிக்கூட்டைப் பற்றி எழுதினவள் அவள்தான்.

இதை அன்றைக்கு நாங்கள் கவனிக்கவில்லை. "இது கொஞ்சம் சின்னனாக் கிடக்கு, இன்னும் கனதியா ஏதாவது எழுதித் தாவன்" எண்டு அவளிடம் கேட்டதும் நாங்கள்தான். அவள் "பாப்பம்" எண்டு மட்டும் சொன்னாள்.

முதல் அடி வேறு இடத்தில் விழுந்தது. இடம்பெயர்வுக் கதை எழுதின நண்பன் அந்தக் கதையைத் தன் அம்மாவிடமிருந்துதான் எடுத்திருந்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிப் பக்கம் போனது. அப்போது அம்மாவுக்குப் பதினைந்து வயது. சின்ன வயதில் இருந்து அவன் இதைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறான். எழுதி முடித்த பிறகு ஒரு பெருமையில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். கண்ணீர் ஆறாக ஓடியது, மண்ணைப் பிரிந்த மனங்கள் விம்மின, வானமும் சேர்ந்து அழுதது.

அம்மா மீன் வெட்டிக்கொண்டு இருந்தவவாம். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாவாம்: "உதென்னடா தம்பி, கண்ணீரோ? அண்டைக்கு மழையடா. ஆருக்கு அழ நேரம்? சைக்கிள் உருட்ட வேணும், தங்கச்சியப் பிடிக்க வேணும். எனக்கு அந்த இரவில நல்லா நினைவிருக்கிறது செருப்புத்தான். ஒரு பக்கம் அறுந்து போச்சு. கழட்டி எறியவும் மனமில்ல, அது புதுச் செருப்பு. கையில பிடிச்சுக்கொண்டு நடந்தனான். உன்ர கதையில அந்தப் பெட்டை அழுதுகொண்டே இருக்கிறாள். நான் அழேல்ல. எனக்குக் கோவம்."

அடுத்த வெள்ளி அவன் இதை எங்களுக்குச் சொன்னபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. அவன் கதையை நாங்கள் எல்லாரும் வாசித்து "சூப்பர் மச்சான்" எண்டு சொல்லியிருந்தோம். அந்த "விம்மின"வில் ஒருவருக்கும் பிழை தெரியவில்லை. ஏனெண்டால் எங்கள் எல்லாருடைய கொப்பியிலும் அதே சொற்கள்தான் இருந்தன.

அந்தச் சொற்கள் எங்கேயிருந்து வந்தன? யோசித்துப் பார்த்தால், நாங்கள் கட்டுரை எழுதப் பழகியது போட்டிகளுக்கு. தமிழ்த்தினப் போட்டி வந்தால் நாலைந்து தலைப்பை முன்கூட்டியே பாடமாக்கி வைப்போம். எந்தத் தலைப்பு வந்தாலும் முதற்பந்தி அதேதான், முடிவும் அதேதான், நடுவில் மட்டும் ஆளை மாற்றுவது. அதற்குப் பரிசும் கிடைத்தது. உயர்தரத்தில் தமிழ் எடுத்த எங்களில் சிலர் நாவலை வாசிக்காமலே நாவலின் பாத்திரப்படைப்பு பற்றி மூன்று பக்கம் எழுதினோம். ரியூசன் குறிப்பு கையில் இருந்தால் நாவல் எதற்கு? இதில் பள்ளிக்கூடத்தையோ ஆசிரியர்களையோ குறை சொல்லிப் பயனில்லை. குறுக்குவழி எங்களுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதன் விலை இப்போதுதான் தெரிகிறது. எங்களுக்குள் ஒரு சொற்பெட்டி இருக்கிறது. சோகம் எண்டால் ஒரு தட்டு, தாய் எண்டால் ஒரு தட்டு, மண் எண்டால் ஒரு தட்டு. எழுத உட்கார்ந்தவுடன் கை தானாக அந்தத் தட்டுக்குப் போகிறது. படைப்பாற்றல் இல்லை எண்டு நாங்கள் கவலைப்பட்ட நேரமெல்லாம் எங்களுக்கு இல்லாமல் போனது அது இல்லை. ஒரு விசயத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பொறுமைதான்.

நூலகக் கவிதைக்கு நடந்தது இன்னும் வெட்கம். எழுதினவளிடம் ஒருவன் விளையாட்டாகத்தான் கேட்டான்: "நீ கடைசியா எப்ப அங்க போனனி?" அவள் யோசித்தாள். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போனதாம். பிறகு நாங்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டோம். எரிந்துபோன ஏறத்தாழ 97,000 நூல்களுக்காகவும் ஓலைச்சுவடிகளுக்காகவும் கவிதை எழுதியவர்கள், அந்தக் கவிதைக்கு லைக் போட்டவர்கள், ஆண்டுதோறும் யூன் முதலாம் திகதி ஸ்ரேற்றஸ் வைத்தவர்கள். ஐந்து பேரில் ஒருவரிடமும் இப்போது இருக்கிற நூலகத்தின் அங்கத்துவ அட்டை இல்லை. சைக்கிளில் கால்மணித்தியாலத் தூரம்.

அடுத்த சனிக்கிழமை போனோம். வாசலில் சரஸ்வதி, வெள்ளைக் கட்டடம், படம் எடுக்க வந்த வெளியூர்ச் சனம். உள்ளே பத்திரிகைப் பகுதியில் ஒரு ஐயா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டே நித்திரை. நாங்கள் எதிர்பார்த்த மாதிரிக் கண்கலங்க ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறிச் சத்தம், பழைய தாள் மணம், குசுகுசுக்கிற இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரண்டரை மணித்தியாலம் இருந்தோம். போனைப் பார்க்காமல் அவ்வளவு நேரம் இருந்தது எப்போது எண்டு நினைவில்லை. முதல் அரைமணித்தியாலம் சரியான கஷ்டம். கை தானாகப் பொக்கற்றுக்குப் போகும். பிறகு மெல்ல மெல்ல வரிகள் உள்ளே இறங்கின.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எழுதினதைக் காட்டுவது குறைந்து, வாசித்ததைக் கதைப்பது கூடியது. புத்தகம் வாங்கக் காசில்லாத கிழமைகளில் போனில் நூலகம் இணையத்தளம். 2005 இல் தொடங்கிய அந்தத் தளத்தில் எங்கட ஊர்களின் பழைய சஞ்சிகைகள், மலர்கள், துண்டுப்பிரசுரங்கள் எல்லாம் படமாகக் கிடக்கின்றன. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அச்சுத்தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித்தாளில் பத்திரிகையும் சஞ்சிகையும் அச்சடித்திருக்கிறார்கள். எங்களுக்கு அது கொஞ்சம் விளங்கும். 2022 இல் தாள் இல்லை எண்டு மேல் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனபோது நாங்களும் பழைய கொப்பிகளில் மிஞ்சின பக்கங்களைக் கிழித்துக் கட்டிப் படித்தவர்கள்தான். ஆனால் அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் சஞ்சிகை விடுகிற எண்ணம் வரவில்லை.

'மல்லிகை' இதழ்களையும் அப்படித்தான் பார்த்தோம். டொமினிக் ஜீவா சலூனில் தலைமயிர் வெட்டுகிற தொழில் செய்தவர். 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கி நாற்பது வருசத்துக்கு மேல் நடத்தினார். இதழைத் தானே கையில் தூக்கிக்கொண்டு போய் ஆட்களிடம் விற்றார். எழுத்தாளர் எண்டால் மேசை, லாம்பு, தனிமை எண்டு நாங்கள் நினைத்து வைத்திருந்த படத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கட நாட்டில் தமிழில் எழுதிச் சீவித்தவர்கள் மிகக் குறைவு. ஆசிரியர்கள், கிளாக்கர்மார், தபால் கந்தோரில் வேலை செய்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள் இரவில் எழுதினார்கள். இப்போதும் அநேகம்பேர் கைக்காசு போட்டுத்தான் முந்நூறு, ஐந்நூறு பிரதி அடிக்கிறார்கள். வெளியீட்டு விழாவில் என்வலப்பில் வருகிற காசு அச்சகக் கடனுக்குப் போகும். மிச்சப் புத்தகம் கட்டிலுக்குக் கீழே. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் எழுத வேணுமா எண்டு ஒரு வெள்ளி முழுக்கச் சண்டை பிடித்தோம். முடிவு ஒன்றும் வரவில்லை. ஆனால் அடுத்த கிழமையும் ஐந்து பேரும் வந்தோம்.

பிறகொருநாள் ரஞ்சகுமாரின் 'கோசலை' வாசித்தோம். போர்க்காலக் கதைதான். ஆனால் கதை நிற்பது ஒரு தாயின் வீட்டுக்குள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும் காத்துக்கொண்டும் இருக்கிற ஒரு அம்மா. வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து எங்களில் ஒருவன் புதுக்குடியிருப்புக்காரியைத் திரும்பிப் பார்த்து, "உன்ர கோழிக்கூட்டை ஒருக்கா வாசி" எண்டான்.

அவள் வாசித்தாள். அம்மம்மா பொழுதுபடக் கூட்டுக்குக் கிட்டப் போய் நிற்பா. ஒவ்வொரு கோழியாக உள்ளே விட்டு எண்ணுவா. பூட்டுவா. பிறகு பூட்டைத் திறந்து இன்னொருதரம் எண்ணுவா. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எண்ணுவா. அவ்வளவுதான் ஆக்கம்.

"ஏன் ரெண்டுதரம்?" எண்டு கேட்டோம்.

"எங்களையும் அப்பிடித்தான் எண்ணுவா," எண்டாள். "பங்கருக்குள்ள. முதல் இறங்கேக்க ஒருக்கா, இருட்டினாப் பிறகு தடவித் தடவி இன்னொருக்கா. இப்ப எண்ண நாங்கள் வீட்டில இல்லைத்தானே."

இதை ஏன் எழுதவில்லை எண்டு கேட்டோம். எழுதினால் வாசிக்கிற ஆட்கள் பங்கரை மட்டும்தான் பார்ப்பார்கள், அம்மம்மாவைப் பார்க்கமாட்டார்கள் எண்டாள். நாங்கள் "சின்னனாக் கிடக்கு" எண்டு சொன்ன அந்த ஆக்கத்தை எழுத அவளுக்கு மூன்று மாதம் எடுத்ததாம். எங்கள் கண்ணீர் ஆறுகள் ஒரே இரவில் ஓடியவை. இங்கே அந்தப் பங்கர்க் கதையை அவளிடம் கேட்டு, அவள் "சரி, போடுங்கோ" எண்டு சொன்ன பிறகுதான் எழுதுகிறோம். கேட்காமல் எடுக்கிற பழக்கத்தை விடப் பார்க்கிறோம்.

அந்தப் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேணும். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த நண்பனின் ஆக்கத்தைப் பிரதி எடுக்கும்போது, எழுத்துப்பிழை திருத்துகிறோம் எண்டு சொல்லி, அவனுடைய சொற்களையே மாற்றிவிட்டோம். அவன் எழுதின "பேசிக்கிட்டு இருந்தாங்க" எங்கள் கையால் "கதைத்துக்கொண்டிருந்தார்கள்" ஆனது. அவன் எழுதின "இஸ்தோப்பு" "விறாந்தை" ஆனது. சொல்லப்போனால் இரண்டும் வெளியிலிருந்து வந்த சொற்கள்தான். ஒன்று எங்களுக்குப் பழக்கம், அதனால் அது தமிழ். மற்றது பழக்கமில்லை, அதனால் அது பிழை.

அவன் சண்டை பிடிக்கவில்லை. பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "எங்கம்மா வேல முடிஞ்சு வந்து இஸ்தோப்புலதான் ஒக்காருவாங்க. விறாந்தையில அவங்க ஒருநாளும் ஒக்காந்ததில்ல."

செருப்புக்காரனின் அம்மா சொன்னதும் இதுவும் ஒண்டுதான் எண்டு விளங்க எங்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அங்கே நாங்கள் ஒரு அம்மாவின் கோபத்தை எடுத்துவிட்டு அழுகையை வைத்தோம். இங்கே ஒரு அம்மாவை அவ உட்காருகிற இடத்திலிருந்தே எழுப்பிவிட்டோம். இரண்டையும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தோம். மலையகத் தமிழரைப் பற்றி யாழ்ப்பாணத்தார் எப்படிக் கதைத்தார்கள், எப்படி நடத்தினார்கள் எண்டு விரிவுரையில் குறிப்பு எழுதி, பரீட்சையில் அதற்குப் புள்ளியும் வாங்கின ஆட்கள் நாங்கள். ஒரு சொல்லைக்கூட அவனிடம் கேட்டு மாற்றத் தெரியவில்லை.

அந்தக் கிழமை அவன் எங்களுக்குத் தெளிவத்தை ஜோசப்பின் கதைகளை அறிமுகப்படுத்தினான். ஒரு தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, 2022 இல் இறக்கும்வரை அந்தப் பெயராலேயே அறியப்பட்ட எழுத்தாளர். அவன் சத்தமாக வாசிக்க நாங்கள் கேட்டோம். விளங்காத சொல் வந்தால் கையை உயர்த்துவது, அவன் சொல்லித் தருவது. லயம், காம்பரா, பிரட்டு. மூன்று வருசம் ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்தும், அவன் தன்ரை வீட்டைப் பற்றி அவ்வளவு நேரம் கதைத்ததும் நாங்கள் அவ்வளவு நேரம் வாய்மூடிக் கேட்டதும் அன்றைக்குத்தான்.

எங்களுக்கு இப்போது வாசிப்பு எண்டால் பெரும்பாலும் இதுதான். அறிவு வளர்க்க, சொல்வளம் பெருக்க எண்டு பள்ளிக்கூடத்தில் எழுதின காரணங்களும் பிழையில்லை. ஆனால் இன்னொரு ஆள் கதைத்து முடிக்கும்வரை குறுக்கே கதைக்காமல் இருக்கப் புத்தகம்தான் எங்களைப் பழக்குகிறது. அந்தப் பழக்கம் இல்லாமல் எழுத உட்கார்ந்தால் அம்மா சொன்னதும் காதில் விழாது, அம்மம்மா இரண்டாம்தரம் எண்ணினதும் கண்ணில் படாது. எழுத ஒன்றும் இல்லை எண்டு கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் எங்களைச் சுற்றி எல்லாரும் கதைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

போரைப் பற்றி எழுதக்கூடாது எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. அது எங்கள் வீடுகளுக்குள் இருக்கிறது, அதை விட்டு எங்கே போவது? ஆனால் எங்கள் தலைமுறைக்கு அது பெரும்பாலும் கேட்ட கதை. கேட்ட கதையை எழுதுகிறவருக்கு, கேட்டதைத் திரும்பப் போய்ச் சரிபார்க்கிற கடமை இருக்கிறது. எங்கள் சஞ்சிகைக்கு இப்போது ஒரேயொரு விதி. ஆரைப் பற்றி எழுதினோமோ அவருக்கு முதலில் வாசித்துக் காட்ட வேணும். அவர் இல்லாவிட்டால், அவரைத் தெரிந்த ஒருவருக்கு. இந்த விதியால் ஆக்கங்கள் பிந்துகின்றன. இரண்டு ஆக்கம் வராமலே போய்விட்டது. ஒன்றை எழுதினவளின் அப்பா, வாசிக்கக் கேட்டுவிட்டு, "இதை வெளியில விடாத பிள்ளை" எண்டார். அவள் விடவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அது இருக்கிறது.

முதல் இதழ் ஒருவழியாக வந்தது. நாற்பது பிரதி. இருபத்தெட்டு விற்றது, நாலு கடன், ஒன்றை மழையில் விட்டுவிட்டோம். கோழிக்கூடுதான் முதற்பக்கம். இஸ்தோப்பு இஸ்தோப்பாகவே இருக்கிறது. போராளிக்கு எழுதின கடிதம் இல்லை. எழுதினவன் தானே திருப்பி எடுத்துவிட்டான். நூலகக் கவிதையும் இல்லை. அதற்குப் பதிலாக, பேப்பரை விரித்துவைத்து நித்திரை கொள்ளுகிற ஐயாவைப் பற்றிய ஒரு சின்னக் குறிப்பு. அடுத்த சனிக்கிழமை போய் அவருக்கே வாசித்துக் காட்டினோம். "நித்திரையில்ல பிள்ளையள், கண் நோவுக்கு மூடினனான்" எண்டார். அதையும் சேர்த்துப் போட்டோம்.

இடம்பெயர்வுக் கதை நாலாம்தரம் எழுதப்பட்டு, 'செருப்பு' எண்ட தலைப்பில் கடைசியில் வந்தது. கண்ணீர் இல்லை, மழை மட்டும். அவன் பிரதியைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தான். அவ கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தாவாம். அவன் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"இப்பப் பரவாயில்ல," எண்டாவாம். "ஆனா அது நீலச் செருப்பில்லையடா. மண்ணிறம்."

ஐந்தாம்தரம் எழுதிக்கொண்டிருக்கிறான்.